டெலீட் செய்த ஃபைல் இனி திரும்பாதா? புது லேப்டாப்களில் 'டிரிம்' செய்யும் வேலை என்ன?

தமிழ்நாடு அரசின் 'உலகம் உங்கள் கையில்' திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் வழங்கும் பணி 2026 ஜனவரியில் தொடங்கியது. 2 ஆண்டுகளில் 20 லட்சம் மாணவர்கள் என்பது 2025-26 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட இலக்கு. லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11, கூடவே பாஸ் லினக்ஸ்.

2011 செப்டம்பரில் தொடங்கிய பழைய இலவச லேப்டாப் திட்டத்தில் கொடுக்கப்பட்டது 320 ஜிபி ஹார்டு டிஸ்க். அப்போது பிளஸ் 2 மாணவராக லேப்டாப் வாங்கியவரின் தம்பியோ தங்கையோ இப்போது புது லேப்டாப்பை கையில் வைத்திருக்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஆன் செய்தால் வேகத்தில் உள்ள வித்தியாசம் சட்டென்று தெரியும்.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வித்தியாசம் இருக்கிறது. பழைய லேப்டாப்பில் தவறுதலாக அழித்த ஃபைலைத் திரும்ப எடுக்க நல்ல வாய்ப்பு இருந்தது. புது லேப்டாப்பில் அந்த வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை. காரணம், 'டிரிம்' என்ற ஒரு சின்ன கட்டளை. லேப்டாப்பை வேகமாக வைத்திருப்பதும் அதுதான், அழித்த ஃபைலுக்கான கதவை மூடுவதும் அதுதான்.

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் என்று தென்சென்னைப் புறநகர் முழுக்க கல்லூரிகளும் ஐடி நிறுவனங்களும் நிறைந்திருக்கின்றன. புராஜெக்ட் ரிப்போர்ட், ஆய்வேடு, கல்யாண வீடியோ, ஜிஎஸ்டி கணக்கு என்று பலரின் பிழைப்பே அந்த 256 ஜிபிக்குள்தான். "போனால் ரெக்கவரி பண்ணிக்கலாம்" என்ற பழைய நம்பிக்கை இனி செல்லுமா? விரிவாகப் பார்ப்போம்.

ஹார்டு டிஸ்க்கில் டெலீட் என்றால் என்ன நடந்தது?

ஹார்டு டிஸ்க்கில் ஒரு ஃபைலை டெலீட் செய்தால், அந்த ஃபைல் உடனே அழிவதில்லை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று கணக்கு வைத்திருக்கும் ஃபைல் சிஸ்டம், தன் பதிவேட்டில் அந்தப் பெயரை அடித்துவிடும். 'இந்த இடம் காலி' என்று குறித்துக்கொள்ளும். அவ்வளவுதான். உள்ளே இருக்கும் தரவு அப்படியே கிடக்கும். அதே இடத்தில் வேறு ஃபைல் எழுதப்படும்போதுதான் பழையது உண்மையில் போகும்.

ரெக்கவரி சாஃப்ட்வேர்கள் வேலை செய்ததும் இதை நம்பித்தான். பதிவேட்டை விட்டுவிட்டு, டிஸ்க்கை ஓரத்திலிருந்து ஓரம் வரை படித்து, கிடைப்பதை ஒட்டவைத்துக் கொடுக்கும். ரிச்சி தெருவிலிருந்து ஜிஎஸ்டி சாலை வரை உள்ள சர்வீஸ் கடைகளில் "டேட்டா ரெக்கவரி செய்து தரப்படும்" என்ற போர்டு வந்ததும் இந்தத் தயவில்தான். 'குயிக் ஃபார்மட்' செய்த டிஸ்க்கில்கூட பெரும்பகுதியை மீட்க முடிந்தது.

எஸ்எஸ்டி ஏன் வேறு மாதிரி?

எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு இல்லை. ஃபிளாஷ் சிப்கள்தான். இந்தச் சிப்களுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு: எழுதிய இடத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும், பிறகுதான் எழுத வேண்டும்.

சிக்கல் அதோடு முடியவில்லை. எழுதுவது 'பேஜ்' என்ற சின்ன அளவில், சுமார் 4 முதல் 16 கேபி வரை. அழிப்பதோ 'பிளாக்' என்ற பெரிய அளவில். ஒரு பிளாக்கில் நூற்றுக்கணக்கான பேஜ்கள் இருக்கும். ஒரே ஒரு பேஜை மட்டும் அழிக்க வழியே கிடையாது.

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தளத்திலும் பல வீடுகள். ஒரு வீட்டுக்குப் புதிதாக ஆள் வர வேண்டுமென்றால் அதற்கு வெள்ளையடித்திருக்க வேண்டும். ஆனால் ஒரு வீட்டுக்கு மட்டும் வெள்ளையடிக்க முடியாது, தளம் முழுக்கத்தான் அடிக்க முடியும் என்று விதி. அப்படியானால் அந்தத் தளத்தில் இன்னும் குடியிருப்பவர்களை, ஏற்கெனவே தயாராக இருக்கும் வேறு தளத்துக்கு மாற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கண்ட்ரோலர் என்ற சின்ன கணினி இதைத்தான் ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது. தேவையான பேஜ்களை வேறு பிளாக்குக்கு நகலெடுத்து, பழைய பிளாக்கை மொத்தமாக அழித்து, அடுத்த எழுத்துக்குத் தயாராக வைக்கிறது. இதற்கு 'கார்பேஜ் கலெக்‌ஷன்' என்று பெயர்.

டிரிம் எங்கே வருகிறது?

இங்கேதான் ஒரு தகவல் இடைவெளி. எந்த வீடு காலி என்பது ஃபைல் சிஸ்டத்துக்குத் தெரியும். கண்ட்ரோலருக்குத் தெரியாது. நீங்கள் 5 ஜிபி படத்தை டெலீட் செய்தாலும், ஃபைல் சிஸ்டம் தன் பதிவேட்டில் மட்டும் குறித்துக்கொண்டு சும்மா இருந்தால், கண்ட்ரோலரைப் பொறுத்தவரை அந்த 5 ஜிபியும் 'குடியிருக்கும் ஆள்'தான்.

விளைவு? ஆள் காலி செய்துவிட்டுப் போன வீட்டின் குப்பையையும் பத்திரமாக மூட்டை கட்டி வேறு தளத்துக்குத் தூக்கிக்கொண்டே இருக்கும். யாருக்கும் வேண்டாத தரவைத் திரும்பத் திரும்ப நகலெடுக்கும். இதனால் இரண்டு நஷ்டம்.

முதலாவது வேகம். தயாரான பிளாக் குறையக் குறைய, ஒவ்வொரு எழுத்துக்கும் முன்பு அழிக்கும் வேலை குறுக்கே வந்து நிற்கும். லேப்டாப் திணறும்.

இரண்டாவது ஆயுள். ஒரு ஃபிளாஷ் பிளாக்கை எத்தனை தடவை அழித்து எழுதலாம் என்பதற்கு வரம்பு உண்டு. சிப்பின் வகையைப் பொறுத்து சில நூறிலிருந்து சில ஆயிரம் தடவை. வீண் நகலெடுப்பு அந்தக் கணக்கைத் தின்னும்.

டிரிம் என்பது இந்த இடைவெளியை அடைக்கும் ஒரு வரித் தகவல்: "இந்த இந்த இடங்களில் உள்ளது இனி வேண்டாம்." ஃபைல் சிஸ்டம் டிரைவுக்கு அனுப்புவது இவ்வளவுதான். கேட்டுக்கொண்ட கண்ட்ரோலர் அந்தப் பேஜ்களை நகலெடுப்பதை நிறுத்திவிடும். வசதிப்படும்போது பிளாக்கை அழித்துவிடும். சாட்டா டிரைவுகளில் இதன் பெயர் டிரிம். புதிய என்விஎம்இ டிரைவுகளில் 'டீஅலோகேட்' என்பார்கள். லினக்ஸ் உலகில் 'டிஸ்கார்ட்' என்று சொல்வார்கள். வேலை ஒன்றுதான்.

போனிலும் இது உண்டா?

உண்டு. சொல்லப்போனால் டிரிம்மின் அருமையைப் பலர் முதலில் உணர்ந்ததே மொபைலில்தான்.

விண்டோஸில் டிரிம் வசதி வந்தது 2009-ல், விண்டோஸ் 7 உடன். லினக்ஸில் 2008 இறுதியில் அடித்தளம் போடப்பட்டு, 2010-ல் சாட்டா எஸ்எஸ்டிகளுக்கு வந்தது. ஆண்ட்ராய்டில் 2013 ஜூலையில் வந்த 4.3 பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2012-ல் வெளியான கூகுளின் நெக்சஸ் 7 டேப்லெட், வாங்கிய சில மாதங்களில் மந்தமாகிவிடுகிறது என்று பயனாளர்கள் புலம்பியது அந்தக் காலத்தில் பிரபலம். 4.3 அப்டேட்டில் டிரிம் வந்த பிறகு அந்த மந்தம் பெருமளவு குறைந்தது.

இப்போது உங்கள் போன் இரவில் சார்ஜில் சும்மா கிடக்கும்போது, நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே இந்த வேலையை முடித்துக்கொள்கிறது.

டிரிமை எப்போது அனுப்புவது?

ஃபைல் சிஸ்டத்தை எழுதுபவர்களுக்கு இது ஒரு உண்மையான தலைவலி. மூன்று வழிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு லாபம், ஒரு நஷ்டம்.

1. உடனுக்குடன்: ஃபைலை டெலீட் செய்யும்போதே டிரிம் அனுப்புவது. டிரைவுக்கு எப்போதும் சரியான தகவல் இருக்கும். ஆனால் ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை ஒரே நேரத்தில் அழித்தால், ஆயிரக்கணக்கான டிரிம் கட்டளைகள் வரிசையில் நிற்கும். சில டிரைவுகள் அந்த நேரத்தில் திக்கித் திணறும்.

2. மொத்தமாக: வாரம் ஒரு முறை ஃபைல் சிஸ்டம் முழுவதையும் பார்த்து, காலி இடங்கள் அனைத்தையும் ஒரே மூச்சில் சொல்வது. லினக்ஸில் இதற்கு 'எஃப்எஸ்டிரிம்' என்ற கருவி இருக்கிறது. இதைத் தானாக இயக்கும் டைமரின் வழக்கமான நேரம் திங்கட்கிழமை நள்ளிரவு. அப்போது லேப்டாப் ஆஃப் ஆகியிருந்தால், அடுத்த முறை ஆன் செய்யும்போது ஓடும்.

3. பின்னணியில்: காலி இடங்களைச் சேர்த்து வைத்து, டிரைவுக்கு வேலை குறைவாக இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வது. லினக்ஸின் 'பிடிஆர்எஃப்எஸ்' ஃபைல் சிஸ்டத்தில் இந்த முறை 2020-ல் வந்தது. 2023-ல் வந்த கெர்னல் 6.2-லிருந்து அதுவே இயல்பான அமைப்பு.

விண்டோஸ் முதல் இரண்டையும் சேர்த்தே செய்கிறது. டெலீட் செய்தவுடன் டிரிம் போகும். விட்டுப்போனது ஏதாவது இருந்தால் 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' வாரம் ஒரு முறை மறுபடி சொல்லிவிடும்.

இரண்டு இயங்குதளம் உள்ள லேப்டாப்பில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் தன் பகுதியின் காலி இடத்தை மட்டுமே சொல்லும். லினக்ஸ் தன் பகுதியை மட்டுமே சொல்லும். ஒருவர் வீட்டுக் கணக்கு மற்றவருக்குத் தெரியாது. எந்தப் பக்கம் அதிகம் வேலை செய்கிறீர்களோ, அந்தப் பக்கம் டிரிம் ஓடுகிறதா என்று பார்ப்பது முக்கியம்.

பாஸ் லினக்ஸுக்கும் குரோம்பேட்டைக்கும் என்ன தொடர்பு?

புது லேப்டாப்பில் வரும் பாஸ் லினக்ஸ், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. இந்திய மொழிகளில் கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்ற நோக்கில் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு இதை உருவாக்கியது. முதல் பதிப்பு வெளியானது 2007-ல்.

இதற்கு வேர் போட்டது என்ஆர்சிஃபாஸ் எனப்படும், திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையம். மத்திய தகவல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவுடன் 2005-ல் தொடங்கிய இந்த மையத்தைச் சேர்ந்து நடத்தியவை சி-டாக் சென்னையும், அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும். ஏயூ-கேபிசி இருப்பது குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில். தாம்பரத்திலிருந்து ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன்.

எம்ஐடி கேட்டுக்கு எதிரே தினமும் பஸ் ஏறுகிற பலருக்கு இது தெரியாது. திறந்த மூல மென்பொருளில் ஒரு வசதி உண்டு: டிரிம் எப்போது, எப்படிப் போகிறது என்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம். கணினி அறிவியல் படிக்கும் மாணவருக்கு அரசு கொடுத்த லேப்டாப்பே ஒரு ஆய்வுக்கூடம்தான்.

சரி, அழித்த ஃபைல் ஏன் திரும்பாது?

டிரிம் கட்டளை போன பிறகு, பெரும்பாலான எஸ்எஸ்டிகளில் அந்த இடத்தைப் படிக்கச் சொன்னால் வெறும் பூஜ்ஜியங்கள்தான் வரும். சிப்பின் உள்ளே பழைய தரவு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம். ஆனால் கண்ட்ரோலர் அதைக் காட்டாது. ரெக்கவரி சாஃப்ட்வேர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் கண்ட்ரோலர் கொடுப்பதைத்தான் படிக்க முடியும்.

சிப்பைக் கழற்றி நேரடியாகப் படிக்கும் ஆய்வகங்கள் உண்டு. ஆனால் அங்கேயும் உத்தரவாதம் இல்லை, செலவும் ஏராளம். அதோடு, மைக்ரோசாஃப்ட் கணக்குடன் உள்நுழைந்த பல விண்டோஸ் 11 லேப்டாப்களில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' தானாகவே ஆன் ஆகியிருக்கும். அப்படியிருந்தால் சிப்பில் கிடைப்பதும் பூட்டிய தரவுதான்.

பலர் ஏமாறும் இடம் ஃபார்மட். லேப்டாப் சரியாக பூட் ஆகவில்லை என்று கடைக்குப் போனால், "ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிடும்" என்பது வழக்கமான பதில். ஹார்டு டிஸ்க் காலத்தில் குயிக் ஃபார்மட்டுக்குப் பிறகும் மீட்கலாம் என்ற தைரியம் இருந்தது. எஸ்எஸ்டியில் குயிக் ஃபார்மட் செய்தால் விண்டோஸ் அந்தப் பகுதி முழுவதற்கும் டிரிம் அனுப்பிவிடும். லினக்ஸில் புதிதாக 'எக்ஸ்ட்4' ஃபைல் சிஸ்டம் உருவாக்கும் கருவியும் அதைத்தான் செய்கிறது. சில விநாடிகளில் நான்கு வருடப் படிப்பு மொத்தமும் போச்சு.

எங்கெல்லாம் இன்னும் வாய்ப்பு இருக்கிறது?

• ரீசைக்கிள் பின்: அங்கே இருக்கும் ஃபைல் இன்னும் அழிக்கப்படவே இல்லை. பின்னைக் காலி செய்த பிறகுதான் டிரிம் போகும். 'ஷிஃப்ட் டெலீட்' பின்னைத் தாண்டிச் செல்வதால் அதுதான் ஆபத்து.

• வாரம் ஒரு முறை மட்டும் டிரிம் ஓடும் லினக்ஸ்: அழித்ததற்கும் அடுத்த டிரிமுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. உடனே லேப்டாப்பை ஆஃப் செய்துவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் கொண்டுபோனால் ஓரளவு வாய்ப்பு. ஆன் செய்து பார்த்துக்கொண்டே இருந்தால் அதுவும் போகும்.

• பென் டிரைவ், கேமரா மெமரி கார்டு: இவற்றுக்குப் பெரும்பாலும் டிரிம் போவதில்லை. கல்யாண போட்டோகிராஃபரின் கார்டில் அழிந்த படங்களை மீட்க முடிவது இதனால்தான். கார்டில் அதன் பிறகு எதையும் எழுதக் கூடாது.

• யுஎஸ்பி பெட்டிக்குள் போட்ட எஸ்எஸ்டி: பெட்டியின் உள்ளே இருக்கும் சிப் டிரிமைக் கடத்துகிறதா என்பதைப் பொறுத்தது. சிலது கடத்தும், சிலது கடத்தாது.

போனில் அழித்த படங்களுக்கு கேலரியின் 'ட்ராஷ்' மட்டுமே உண்மையான நம்பிக்கை. ஆண்ட்ராய்டு 10-லிருந்து புதிய போன்களில் என்க்ரிப்ஷன் கட்டாயம். 'அழித்த போட்டோவை மீட்டுத் தரும் ஆப்' என்று வருபவற்றில் பல, போனில் மிச்சமிருக்கும் சின்ன முன்னோட்டப் படங்களைத்தான் எடுத்துக் காட்டுகின்றன. அதற்காக போனின் எல்லா அனுமதிகளையும் கொடுப்பது வேறு வம்பு.

காவல்துறை விசாரணையில் என்ன பாதிப்பு?

இது வீட்டுப் பிரச்னை மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவின் முர்டாக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரேம் பெல், ரிச்சர்டு பாடிங்டன் ஆகியோர் 2010-லேயே இதைப் பற்றி எச்சரித்தார்கள். குயிக் ஃபார்மட் செய்த ஒரு எஸ்எஸ்டியை சோதித்தபோது, டிரைவ் தானாகவே சில நிமிடங்களில் பழைய தரவை அழிக்கத் தொடங்கியது. வெளியிலிருந்து எதையும் எழுதவிடாமல் தடுக்கும் கருவியை மாட்டியிருந்தாலும், அழிக்கும் வேலை டிரைவுக்கு உள்ளேயே நடப்பதால் அதை நிறுத்த முடியவில்லை.

நீதிமன்றத்தில் இது ஏன் முக்கியம்? 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதினியம் சட்டத்தின் 63-வது பிரிவின்படி, டிஜிட்டல் ஆவணத்தைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது அதன் 'ஹாஷ்' மதிப்பைக் குறிப்பிட்ட சான்றிதழ் தர வேண்டும். ஹாஷ் என்பது தரவின் கைரேகை மாதிரி. ஒரு எழுத்து மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். ஒரு தனி ஃபைலின் ஹாஷ் டிரிமால் மாறாது. ஆனால் மொத்த டிரைவையும் நகலெடுத்து ஹாஷ் எடுக்கும்போது, காலி இடத்தில் நடக்கும் மாற்றம் இரண்டு நகல்களுக்கு நடுவே வித்தியாசத்தைக் கொண்டுவரலாம். 'சாட்சியத்தில் கை வைத்தார்கள்' என்று எதிர்த்தரப்பு கேள்வி எழுப்ப அது இடம் கொடுக்கும்.

தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் 2022 ஜனவரி 1-ல் செயல்படத் தொடங்கியது. அதன் எல்லைக்குள் ஐடி ஊழியர்களும் மாணவர்களும் அதிகம். ஆன்லைன் மோசடிக்கு ஆளானவர்களில் பலர் அவமானத்தில், கோபத்தில், சாட்டையும் ஸ்கிரீன்ஷாட்டையும் முதலில் அழித்துவிடுவது உண்டு. "போலீஸ் எப்படியும் எடுத்துடுவாங்க" என்ற நினைப்பு இப்போது ஆபத்தானது. மோசடி நடந்தால் எதையும் அழிக்காமல், 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்வதே சரி.

அப்படியென்றால் டிரிமை ஆஃப் செய்துவிடலாமா?

வேண்டாம். இது பலருக்கு முதலில் தோன்றும் யோசனை, ஆனால் தவறான யோசனை. டிரிமை நிறுத்தினாலும் அழித்த ஃபைல் பத்திரமாக இருக்கும் என்று உறுதி கிடையாது. அடுத்து எழுதப்படும் ஏதோ ஒரு ஃபைல் அந்த இடத்தைப் பிடித்துவிடலாம். ஆனால் டிரைவ் மந்தமாவதும் வீணாகத் தேய்வதும் உறுதி. 256 ஜிபி போன்ற சின்ன டிரைவில், விண்டோஸும் லினக்ஸும் மென்பொருள்களும் போக மிஞ்சும் இடம் குறைவு. காலி இடம் குறைவாக உள்ள டிரைவுக்குத்தான் டிரிம் அதிகம் தேவை.

டிரிமிலும் பிழை வந்ததுண்டு. 2015-ல் அல்கோலியா என்ற தேடல் சேவை நிறுவனத்தின் சர்வர்களில் ஃபைல்களின் நடுவே திடீர் திடீரென்று பூஜ்ஜியங்கள் முளைத்தன. முதலில் சந்தேகம் விழுந்தது சாம்சங் எஸ்எஸ்டிகள் மேல். பிறகு சாம்சங் பொறியாளர்கள் ஆராய்ந்ததில், பல டிரைவுகளைச் சேர்த்து இயக்கும் 'ரெய்டு' அமைப்பில் லினக்ஸ் கெர்னல் டிரிம் கட்டளையைப் பிரித்து அனுப்பும் விதத்தில் பிழை இருந்தது தெரிந்தது. தவறான முகவரிக்கு 'காலி' என்று சொல்லப்பட்டு, உயிரோடு இருந்த தரவு அழிந்தது. பிழை திருத்தப்பட்டது. 2020-ல் விண்டோஸ் 10-ன் ஒரு அப்டேட், கடைசியாக எப்போது ஆப்டிமைஸ் செய்தோம் என்பதையே மறந்து, தேவையில்லாமல் அடிக்கடி அந்த வேலையைச் செய்ததும் நடந்தது. அதுவும் சரிசெய்யப்பட்டது.

இந்தச் சம்பவங்களிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, டிரிம் கெட்டது என்பதல்ல. எந்த டிரைவில் இருந்தாலும் ஒரே ஒரு பிரதி என்பது பாதுகாப்பு ஆகாது என்பதுதான்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது என்ன?

• டிரிம் ஓடுகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11-ல் ஸ்டார்ட் தேடலில் 'டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' என்று தேடுங்கள். உங்கள் டிரைவுக்கு எதிரே 'சாலிட் ஸ்டேட் டிரைவ்' என்று இருக்கிறதா, கடைசியாக ஓடிய தேதி அண்மையில்தானா, 'ஷெட்யூல்டு ஆப்டிமைசேஷன்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். லினக்ஸில் எஃப்எஸ்டிரிம் டைமர் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

• பழைய 'டிஃப்ராக்' சாஃப்ட்வேர்களை எஸ்எஸ்டியில் ஓட்டாதீர்கள். ஹார்டு டிஸ்க்குக்கு அது மருந்து, எஸ்எஸ்டிக்கு வீண் தேய்மானம்.

• டிரைவை முட்ட முட்ட நிரப்பாதீர்கள். 15 முதல் 20 சதவீதம் காலியாக இருந்தால் கண்ட்ரோலருக்கு வேலை செய்ய இடம் இருக்கும். 256 ஜிபியில் அது சுமார் 40 முதல் 50 ஜிபி.

• முக்கியமானதற்கு இன்னொரு பிரதி வையுங்கள். புராஜெக்ட், சான்றிதழ், கணக்கு போன்றவை 15 ஜிபி கூகுள் இலவச இடத்தில் தாராளமாக அடங்கும். கூகுள் டிரைவில் அழித்தது 30 நாள் ட்ராஷில் இருக்கும். எஸ்எஸ்டி தராத அவகாசம் அது.

• இரண்டு பிரதியும் ஒரே பையில், ஒரே மேஜையில் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த முடிச்சூர், வரதராஜபுரம் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

• கடையில் ஃபார்மட் என்று சொன்னால், முதலில் டேட்டாவை வேறு டிரைவுக்கு எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததைத் திறந்து பார்த்த பிறகே சம்மதியுங்கள். பிட்லாக்கர் மீட்புச் சாவி கேட்டால், அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்.

• லேப்டாப்பை விற்பதற்கு முன் 'ரீசெட் திஸ் பிசி'யில் எல்லாவற்றையும் நீக்கும் தேர்வையும், அதில் 'கிளீன் டேட்டா' என்பதையும் தேர்ந்தெடுங்கள். இங்கே டிரிம் உங்கள் பக்கம். உங்கள் ஆதார் நகலும் குடும்பப் படங்களும் அடுத்தவர் கைக்குப் போகாமல் காப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

பொறுப்பு யார் கையில்?

ஹார்டு டிஸ்க் நம் அலட்சியத்தை ஓரளவு பொறுத்துக்கொண்டது. தவறு செய்தாலும் சில நாள் அவகாசம் கொடுத்தது. அந்த அவகாசம் யாரும் திட்டமிட்டுத் தந்தது இல்லை. டிஸ்க்கின் இயல்பால் கிடைத்த உபரி. எஸ்எஸ்டியில் அந்த உபரி இல்லை. அழி என்று சொன்னால் அது உண்மையிலேயே அழிக்கிறது.

20 லட்சம் லேப்டாப்கள் போய்ச் சேரும்போது, அவற்றில் கணிசமானவை ஒரு குடும்பத்தின் முதல் கணினியாக இருக்கும். கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள். எக்செல், பவர்பாயின்ட் கற்றுத்தரும் முதல் வகுப்பிலேயே, 'ஒரு பிரதி இன்னொரு இடத்தில்' என்ற பாடத்தையும் கல்லூரிகள் சேர்த்தால் செலவு எதுவும் இல்லை. மூன்றாம் ஆண்டின் கடைசி வாரத்தில், புராஜெக்ட் ஃபைல் காணோம் என்று ஒரு மாணவர் கடை கடையாக ஏறி இறங்கும்போது சொன்னால், அந்தப் பாடத்தால் பயன் எதுவும் இருக்காது.